ஆடு, ஆள், சரக்கு ஏன் இடம் மாறுகின்றன? மூன்றாம் வகுப்புக்கு எப்படிச் சொல்லித் தருகிறீர்கள்?

கம்மாக்கரை

சிவகங்கை மாவட்டத்தில் ஓர் ஊராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். மனிதர்களும் விலங்குகளும் பொருட்களும் ஏன் ஓரிடம் விட்டு இன்னோர் இடம் போகின்றன என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க வேண்டும். எப்படிக் கேட்டாலும் “தேவைக்காக டீச்சர்” என்று ஒரே குரலில் பதில் வருகிறது.

எனக்கு இந்தப் பதில் போதவில்லை. உப்புக்கு என்ன தேவை? தூத்துக்குடி உப்பளத்தில் குவிந்து கிடக்கிற உப்பு எங்கள் ஊர்க் கடைக்கு வர ஆசைப்படவில்லை. ஆட்டுக்குப் பசி உண்டு, ஆனால் எந்த மாவட்டத்துக்குப் போவது என்று ஆடு தீர்மானிப்பதில்லை. நாரைக்கு யாரும் வழி சொல்வதில்லை. எல்லாவற்றையும் “தேவை” என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டால் பிள்ளை யோசிப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

அதனால் “ஏன் போனது?” என்பதோடு “யார் முடிவெடுத்தது?” என்றும் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். உடனே பேச்சு வருகிறது. எங்கள் பக்கத்திலிருந்து கீதாரிகள், அதாவது ஆட்டு மந்தை ஓட்டுகிறவர்கள், கிடை ஆடுகளை (ராத்திரி வயலில் எருவுக்காக அடைக்கிற ஆடுகளை) ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் போவார்கள். வகுப்பில் ஒரு பையனின் தாத்தாவும் சித்தப்பாவும் அப்படிப் போகிறவர்கள். ஆடு, ஆள், எரு மூன்றும் சேர்ந்து நகர்கிற விஷயம் இது, அதையே மையமாக வைக்கலாம் என்று நினைக்கிறேன். கிளம்புகிற பக்கம் எனக்குத் தெரியும், போய்ச் சேருகிற பக்கம் தெரியாது. காவிரி டெல்டாக்காரர்கள் இருந்தால் சொல்லுங்கள். மற்றவர்களும் உங்கள் வகுப்பில், வீட்டில் எந்த உதாரணம் எடுபட்டது என்று எழுதுங்கள்.

வெட்டாறு

வணக்கம் டீச்சர். திருவாரூர்ப் பக்கம் விவசாயம் செய்கிறேன். உங்கள் ஊர் ஆடு எங்கள் வயலில்தான் படுத்து எழும்புகிறது.

சம்பா அறுப்பு தை, மாசியில் முடியும். அறுப்புக்குக் கொஞ்ச நாள் முன்பே, மண்ணில் ஈரம் இருக்கும்போது, நெல்லுக்கு நடுவிலேயே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவோம். அது வயலில் நிற்கும்வரை ஆட்டை உள்ளே விட முடியாது. பங்குனி, சித்திரையில் அதையும் எடுத்துவிட்டால் வயல் வெறுமனே கிடக்கும். மறுபக்கம் மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். தண்ணீர் வந்து உழவு தொடங்கிவிட்டால் ஆட்டுக்கு இடம் கிடையாது. பயறு எடுத்ததற்கும் தண்ணீர் வருவதற்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளிதான் எங்கள் பக்கம் கிடைக்காலம். உங்கள் பக்கம் அந்த நேரத்தில் கண்மாய் வற்றி, புல் கருகியிருக்கும். அங்கே புல் இல்லாத மாதமும் இங்கே பயிர் இல்லாத மாதமும் பொருந்தி வருவதால்தான் இது நடக்கிறது. ஒன்று தள்ளிப் போனாலும் நடக்காது.

பகலெல்லாம் மேய்ந்துவிட்டு வருகிற ஆட்டை ராத்திரி வயலில் பட்டி போட்டு அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் அங்கேயே விழும். மறுநாள் பட்டி அடுத்த வயலுக்கு நகரும். ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசிப் பணம் கொடுக்கிறோம், முன்பெல்லாம் நெல்லாகவும் கொடுப்பார்கள். “ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்” என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். ஆட்டு எரு போட்ட பயிரில் அதே வருஷம் பலன் தெரியும்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான இடம் ஒன்று உண்டு. வாய்க்கால் கரையிலும் சாலை ஓரத்திலும் புறம்போக்கிலும் முளைத்த புல்லை நான் அறுத்து வந்து வயலில் கொட்டவில்லை. அது ஆட்டின் வயிற்றில் ஏறி என் வயலுக்கு வந்து சேர்கிறது. லாரியும் இல்லை, மூட்டையும் இல்லை. சரக்கு என்றால் வண்டியில் ஏற்றுவது மட்டும்தான் என்று நினைக்கிற பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள்.

யார் முடிவெடுத்தது என்று கேட்டால், கீதாரி என்றுதான் சொல்வேன். ஆனால் அவர் முன்கூட்டியே எங்களோடு பேசி, எந்த ஊரில் வயல் காலியாகிறது, எங்கே குடிக்கத் தண்ணீர் இருக்கிறது என்று விசாரித்துத்தான் ஆட்டைக் கிளப்புவார்.

நீர்க்காகம்

பறவை பார்க்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். வலசையைப் பற்றிப் பள்ளிகளில் பரவலாகச் சொல்லப்படுகிற ஒன்று தவறு. “வெளிநாட்டுப் பறவைகள் இங்கே வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரித்துத் திரும்பும்” என்கிறார்கள். வேடந்தாங்கலில் மரங்களில் கூடு கட்டுகிற நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், கொக்கு எல்லாம் நம் நாட்டிலேயே இருப்பவை. மழை பெய்து ஏரி நிரம்பிய இடம் தேடி அவை உள்நாட்டுக்குள்ளேயே இடம் மாறுகின்றன. வடக்கே தொலைவிலிருந்து வருபவை ஊசிவால் வாத்து, கிளுவை மாதிரியான வாத்துகள். அவை இங்கே கூடு கட்டுவதில்லை. குஞ்சு பொரிப்பதெல்லாம் அங்கேதான். இங்கே வருவது குளிர்காலத்தைக் கழிக்க.

ஆகவே வருகிற காரணமே இரண்டு. ஒரு கூட்டம் குஞ்சு வளர்க்க வருகிறது, மற்றொன்று சாப்பிட வருகிறது. ஒரே ஏரியில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். பிள்ளைகளிடம் “இந்த இரண்டில் எது கூடு கட்டும்?” என்று கேட்டுப் பாருங்கள், நல்ல விவாதம் நடக்கும்.

“குளிர் தாங்காமல் வருகிறது” என்பதும் முழுப் பதில் இல்லை. இறகு நல்ல போர்வை, பல பறவைகள் கடுங்குளிரைத் தாங்கும். ஏரி உறைந்தால் வாத்துக்கு இரை கிடைக்காது, அதுதான் விஷயம். அதுவும், உறைந்து பட்டினி கிடந்த பிறகு கிளம்புவதில்லை. பகல் குறைய ஆரம்பித்ததுமே உடம்பு தயாராகும், கொழுப்புச் சேர்த்துக்கொள்ளும், பிறகு கிளம்பும். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கு வருகிற வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருகிறது. உங்கள் “யார் முடிவெடுத்தது?” கேள்விக்கு இங்கே பதில் வேறு மாதிரி. முடிவெடுத்தது அந்தப் பறவையும் இல்லை, வேறு யாரும் இல்லை. பல ஆயிரம் தலைமுறையாக உடம்பில் ஊறிவந்த பழக்கம்.

நீங்கள் சிவகங்கை என்றால் வேட்டங்குடி சரணாலயம் உங்கள் மாவட்டம்தான். கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாயில் பறவை பயந்துவிடும் என்று அந்த ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஒரு முறை கூட்டிக்கொண்டு போங்கள். மழைக்காலம் முடிந்து கண்மாயில் தண்ணீர் நிற்கும்போது போனால் நல்லது.

ஓய்வு_வாத்தியார்

முப்பது வருடத்துக்கு மேல் தொடக்கப் பள்ளியில் இருந்தவன். டீச்சர் கேள்வி நல்ல கேள்விதான், ஆனால் எட்டு வயதுக்கு அதை முதலில் வைக்கக் கூடாது என்பது என் எண்ணம். “யார் முடிவெடுத்தது?” என்று கேட்டால் பிள்ளை தன் வீட்டு நிலைமைக்குள் போய்விடும். கடன், சண்டை, அப்பா வெளிநாட்டில் இருப்பது எல்லாம் வகுப்பில் வந்து விழும். அதைத் தாங்க வகுப்பும் தயாராக இருக்காது, ஆசிரியரும் தயாராக இருக்கமாட்டார்.

போனது திரும்பி வருமா, வராதா என்று முதலில் பிரிக்கச் சொல்லுங்கள். நாரை திரும்பும். கீதாரி திரும்புவார். வேலைக்குப் போன அப்பா சாயங்காலம் திரும்புவார், சிலர் வருடம் கழித்துத் திரும்புவார்கள். உப்பு திரும்பாது. இது கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடியது. காரணத்தை அப்புறம் தேடலாம்.

ரிட்டர்ன்_லோடு

நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறேன். வாத்தியார் ஐயா சொன்னது பிடித்திருக்கிறது, ஒரு திருத்தத்தோடு. உப்பு திரும்பாது, சரி. ஆனால் லாரி திரும்ப வேண்டும்! எங்கள் தொழிலே அதில்தான் நிற்கிறது.

இங்கிருந்து ஒரு லோடு வடக்கே போகிறது என்றால், இறக்கிய இடத்திலேயே திரும்பி வர லோடு பிடிக்க வேண்டும். காலியாக வந்தால் டீசல், சுங்கம், டிரைவர் படி எல்லாம் கைக்காசு. நாசிக் பக்கம் இறக்கினால் வெங்காயம் ஏற்றலாம். பிள்ளைகளிடம் “லாரி எதைக் கொண்டுபோனது?” என்று மட்டும் கேட்காமல் “வரும்போது எதைக் கொண்டுவந்தது?” என்றும் கேளுங்கள். இரண்டு ஊருக்கும் ஒன்று மற்றொன்றிடம் வேண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

காய்கறி ஏன் ராத்திரியில் போகிறது என்பதும் நல்ல கேள்வி. வெயிலில் தக்காளி அழுகும், விடியற்காலையில் மார்க்கெட் கூடும்போது சரக்கு இறங்கியிருக்க வேண்டும், பகலில் பெரிய வண்டிகளை நகரத்துக்குள் விடமாட்டார்கள். கோயம்பேட்டுக்கு மதனப்பள்ளி, கோலார் பக்கத்துத் தக்காளி இப்படித்தான் வருகிறது. ஒட்டன்சத்திரத்துக் காய் கேரளாவுக்குப் போவதும் அப்படியே. ஊரே தூங்குகிற நேரத்தில் சாப்பாடு ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த டிரைவர், கிளீனர், மூட்டை இறக்குகிற ஆள் எல்லாரையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். பொருள் தானாக நகர்வதில்லை என்று டீச்சர் சொன்னதை நான் இரண்டு கையாலும் ஒப்புக்கொள்கிறேன்.

உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடியில் மழை குறைவு, வெயிலும் காற்றும் அதிகம், கடல் பக்கத்திலேயே. அதனால் அங்கே விளைகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தி கரைந்துவிடும், வேலை நின்றுவிடும். அதற்கு முன்பே எடுத்துக் குவித்து மூடி வைத்துவிடுவார்கள். வருடத்தில் சில மாதம் விளைவதை வருடம் முழுக்கச் சாப்பிடுகிறோம். இடம் விட்டு இடம் நகர்வது போல, ஒரு மாதத்திலிருந்து இன்னொரு மாதத்துக்கும் சரக்கை நகர்த்துகிறோம். கிடங்கு எதற்கு என்று கேட்கிற பிள்ளைக்கு அதுதான் பதில்.

பனியன்_ஊர்

திருப்பூரில் மாலை நேர வகுப்பு நடத்துகிறேன். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். ஒரு வேண்டுகோள். இந்தப் பாடம் எடுக்கும்போது அப்படிப்பட்ட பிள்ளையை எழுப்பி “நீ ஏன் இங்கே வந்தாய்?” என்று வகுப்பு முன் கேட்காதீர்கள். கேட்பவருக்கு அது பாடம். அந்தப் பிள்ளைக்கு, “நீ இந்த ஊர் இல்லை” என்று சொன்ன மாதிரி.

நான் எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்பேன்: “உங்கள் வீட்டில் வேறு ஊரில் பிறந்தவர் யார்?” கிட்டத்தட்ட எல்லார் வீட்டிலும் ஒருவர் கிடைத்துவிடுவார். பெரும்பாலும் அம்மா, இல்லாவிட்டால் பாட்டி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெண்கள் இடம்பெயர்ந்ததற்குச் சொன்ன காரணங்களில் திருமணம்தான் முதலிடம். பக்கத்து ஒன்றியத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த பாட்டியும் இடம்பெயர்ந்தவர்தான். அது தெரிந்ததும் ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளை தனி ஆள் இல்லை. அவன் அப்பா தூரத்திலிருந்து வந்தார், உன் அம்மா பக்கத்திலிருந்து வந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

“யார் முடிவெடுத்தது?” என்ற கேள்வி இங்கேயும் வேலை செய்கிறது. பாட்டியிடம் போய்க் கேட்டு வரச் சொல்லுங்கள். அவர்கள் சொல்கிற பதிலைக் கேட்டால் பிள்ளைகள் கொஞ்ச நேரம் வேறெதுவும் பேசமாட்டார்கள்.

நீர்க்காகம்

பனியன்_ஊர், பாட்டியிடம் கேட்கச் சொல்வது அருமையான யோசனை. என் அக்கா மகளுக்கு இதை அப்படியே கொடுக்கப் போகிறேன்.

தேயிலைக்_கொழுந்து

நான் இலங்கையில், ஹட்டன் பக்கம், ஆரம்பப் பிரிவு ஆசிரியை. எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் வேறு விதமாக வரும். “உங்கள் மூதாதையர் வேலை தேடி இந்தியாவிலிருந்து வந்தனர்” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

1820களில் மலைநாட்டில் கோப்பி, அதாவது காபித் தோட்டம் போடத் தொடங்கினார்கள். அதற்கு ஆட்கள் தேவைப்பட்டது தோட்டக்காரர்களுக்கு. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களில் பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் இருந்தன. நடுவில் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணி, கையில் முற்பணத்தோடு வந்தார். அந்த முற்பணம் கடனாகத் தலையில் ஏறியது. மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் நோயிலும் பசியிலும் பலர் இறந்தார்கள். 200 ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை எங்கள் மக்கள் அந்தப் பாதையை மறுபடி நடந்தார்கள்.

1869இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் வந்தது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் அதிக ஆள் வேண்டும், பலர் வந்து திரும்பிப் போனார்கள். தேயிலைக் கொழுந்து வருடம் முழுக்கப் பறிக்க வேண்டும், அதனால் குடும்பத்தோடு தங்க வேண்டியதாயிற்று. ஓய்வு_வாத்தியார் சொன்ன “திரும்புமா, திரும்பாதா” என்ற பிரிவைச் செடியே மாற்றிவிட்டது, பாருங்கள். இன்னொன்று, ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடன் தீர்ந்தது என்று “துண்டு” காட்ட வேண்டும். இங்கே வருவதற்கு வழி திறந்திருந்தது, வந்த பிறகு நகர்வதற்கு இல்லை.

1948இல் சட்டம் போட்டுப் பெரும்பாலானோரைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கினார்கள். 1964இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்தன. அப்படிப் போனவர்களில் பலர் இன்று நீலகிரியில், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இருக்கிறார்கள். 1968இல் தொடங்கிய தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களே அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். “யார் முடிவெடுத்தது?” என்ற கேள்வியைக் கேட்காமல் இந்த வரலாற்றை எந்தப் பிள்ளைக்கும் சொல்ல முடியாது. அதனால் அந்தக் கேள்வி பாரம் என்று ஒதுக்க வேண்டாம் ஐயா. எங்கள் பிள்ளைகள் அந்தப் பாரத்தோடுதான் வகுப்புக்கு வருகிறார்கள்.

ஓய்வு_வாத்தியார்

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்கள் பிள்ளைகளுக்கு இதை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. நான் சொன்னது வரிசையைப் பற்றி. ஆடு, நாரை, உப்பு என்று வெளியிலுள்ளவற்றில் அந்தக் கேள்வியைப் பழக்கிவிட்டு, பிள்ளைக்குக் கேள்வி கைவந்த பிறகு சொந்த வீட்டுக்குக் கொண்டுவரலாம். அந்த அளவில் என் கருத்து மாறவில்லை. கோப்பியும் தேயிலையும் பற்றி நீங்கள் சொன்னது நான் அறியாதது, நன்றி.

ரிட்டர்ன்_லோடு

வீட்டுச் சமையலறையிலிருந்து ஒன்று: பெருங்காயம். ரசத்தில் இல்லாத நாள் கிடையாது. ஆனால் அந்தச் செடி நம் ஊரில் வளராது. ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் மாதிரி வறண்ட, குளிர்ந்த மலைப்பகுதிகளில் வேரைக் கீறிப் பால் எடுக்கிறார்கள். இறக்குமதியாகி, இங்கே மாவும் பிசினும் கலந்து டப்பாவுக்குள் வருகிறது. 2020இல் இமாசலப் பிரதேசத்து லாகுல் பள்ளத்தாக்கில் நட்டுப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். பொருளை நகர்த்துவதற்குப் பதிலாகச் செடியையே நகர்த்துவது! மிளகாயும் அப்படி அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்ததுதான், இப்போது நம் வயலிலேயே காய்க்கிறது. அதன் பிறகு அதைக் கப்பலில் கொண்டுவர வேண்டிய அவசியம் போய்விட்டது.

கம்மாக்கரை

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா சொன்ன வரிசையை எடுத்துக்கொள்கிறேன், தேயிலைக்_கொழுந்து சொன்னதையும் விடமாட்டேன். எங்கள் மாவட்டத்திலிருந்து அந்தப் பக்கம் போனவர்கள் உண்டு. எந்தப் பிள்ளையின் வீட்டில் அந்த நினைவு இருக்கிறது என்று முதலில் பெற்றோரிடம் விசாரிக்கிறேன்.

நான் இப்போது நினைத்திருப்பது இது. தரையில் சுண்ணாம்பால் எங்கள் ஊரிலிருந்து திருவாரூர் வரை ஒரு கோடு. அதில் ஆடு எந்த மாதம் எங்கே நிற்கிறது என்று புளியங்கொட்டை வைத்து நகர்த்த வேண்டும். ஒருவர் புல், ஒருவர் மேட்டூர்த் தண்ணீர், ஒருவர் கீதாரி, ஒருவர் வயல்காரர். “தண்ணீர்” வந்துவிட்டேன் என்று சொன்னால் “ஆடு” கிளம்பியாக வேண்டும். வேறு வழி இருக்கிறதா என்று கீதாரி யோசிக்கலாம். ஏன் என்பதைப் பிள்ளைகள் அங்கேயே வாதாடித் தெரிந்துகொள்ளட்டும்.

ஒரு சிக்கல். ஆடு டெல்டாவில் இருக்கிற காலமும் பள்ளி விடுமுறைக் காலமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. அந்தப் பையன் பாட்டியோடு இங்கேயே இருக்கிறான், பள்ளி கெட்டுவிடக் கூடாது என்று தாத்தா முடிவு செய்துவிட்டார். கிடையை அவன் நேரில் பார்த்ததே இல்லை. வெட்டாறு அண்ணே, விடுமுறைக்கு முன்பு வீடியோ அழைப்பில் வகுப்புக்குக் கிடையைக் காட்ட முடியுமா?

வெட்டாறு

தாராளமாக. பங்குனிக் கடைசியில் பயறு முன்கூட்டியே எடுத்துவிட்ட வயல்களில் முதல் கிடை வந்திருக்கும். காலை முதல் பாடவேளையில் கூப்பிடுங்கள். பனி ஈரம் காயும்வரை ஆட்டை மேய்ச்சலுக்குக் கிளப்பமாட்டார்கள், ஒன்பதரை வரைக்கும் பட்டியிலேயே நிற்கும். மூங்கில் கூட்டுக்குள் மூடி வைத்திருக்கிற குட்டிகளைத் தாய் ஆட்டிடம் அவிழ்த்துவிடுகிற நேரமும் அதுதான், சத்தம் பலமாக இருக்கும். தாத்தா எந்த ஊர்க் கீதாரி கூட வருகிறார் என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள். எங்கள் சரகத்துக்குள் இருந்தால் நானே வண்டி எடுத்துக்கொண்டு அந்த வயலுக்குப் போய்விடுகிறேன்.